டாசன் தீவைப் பிடிக்கப் போன சிவஞானம்

டாசன் தீவைக் கைப்பற்றும் பொறுப்பு சிவஞானத்தின் தலையில் விழுந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. இடது முழங்காலில் தேய்மானம். கையில் இருந்த படை அவரையும் சேர்த்து ஐந்து பேர். எதிர்ப்படைக்குத் தலைமை அவருடைய மனைவி புஷ்பா.

இதில் கடைசி விஷயம்தான் ஆபத்து. முழங்காலுக்குத் தைலம் இருக்கிறது. புஷ்பாவுக்கு எந்தக் கடையிலும் ஒன்றும் கிடைக்காது.

நிஜப் போர் இல்லை, பயப்பட வேண்டாம். எல்லையில் சண்டை வரும் போல இருக்கிறது என்று டி.வி.க்காரர்கள் தொண்டை கிழியக் கத்திய சமயம் அது. நாடு முழுக்கச் சைரன் ஊதி விளக்கணைத்துப் பழகச் சொன்னார்கள். போர்ட் பிளேயரிலும் ஊதினார்கள், அணைத்தார்கள். ஆனால் சிவில் டிஃபென்ஸ் தொண்டர் படையைக் கவனித்துக்கொண்ட பிஸ்வாஸ் சாருக்கு அது போதவில்லை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த வங்காளி மனிதர். "பத்தி புஜானா தோ மேரி சாஸ் கோ பி ஆத்தா ஹை," விளக்கை அணைக்க என் மாமியாருக்கும் தெரியும் என்று மீட்டிங்கில் ஒரு போடு போட்டார். ஒரு பக்கம் தாக்க வேண்டும், ஒரு பக்கம் காக்க வேண்டும், அதுதான் பயிற்சி என்றார். தொண்டர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு நாள் ஆபீஸ் லீவு என்றால் நம் ஆட்கள் எதற்கும் கை தட்டுவார்கள்.

இடம் டாசன் தீவு. வெள்ளைக்காரன் அங்கே ஒரு ஊரே கட்டி வைத்திருந்தான். சர்ச், ரொட்டி சுடும் பேக்கரி, டான்ஸ் ஆட ஒரு கிளப், துரைமார் பங்களாக்கள். அப்புறம் பூகம்பம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான், கடைசியில் யாருமே வரவில்லை. இப்போது அங்கே குடியிருப்பது ஆலமரங்கள். வாசல் வழியாக உள்ளே போன மரம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறது. சுவரை வேர் பிடித்திருக்கிறதா, வேரைச் சுவர் பிடித்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. டூரிஸ்டுகள் கொடுத்த சிப்ஸைத் தின்று வளர்ந்த புள்ளிமான்கள் கூட்டமாகத் திரியும். அவற்றுக்கு மனிதனைக் கண்டால் பயம் கிடையாது, பையில் என்ன இருக்கிறது என்ற ஆர்வம்தான்.

சட்டம் எளிமையானது. துப்பாக்கி கிடையாது. தாக்குகிறவர்கள் கையில் சிவப்பு ரிப்பன், காக்கிறவர்கள் கையில் நீல ரிப்பன். ரிப்பனை உருவிவிட்டால் ஆள் செத்தான். செத்தவன் பேக்கரியில் போய் உட்கார வேண்டும். சர்ச்சுக்குள் பீடத்தின் மேல் ஒரு கொடி நட்டிருக்கும். கடைசி போட் கிளம்பும் முன் சிவப்புப் படை அதைப் பிடுங்கிவிட்டால் சிவப்புக்கு வெற்றி. இல்லாவிட்டால் நீலத்துக்கு.

யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அங்கேதான் விதி விளையாடியது: ஆண்கள் எல்லாம் சிவப்பு, பெண்கள் எல்லாம் நீலம்.

அன்று போர்ட் பிளேயர் லம்பா லைனில் இருந்த அவர்கள் வீட்டில் சாப்பாடு நடந்தபோது புஷ்பா அவர் தட்டில் இரண்டாவது மீன் துண்டை வைத்தாள். கேட்காமல் மீன் வந்தால் ஏதோ வரப்போகிறது என்று சிவஞானத்துக்குத் தெரியும்.

"மானாமதுர விஷயத்த இந்தச் சண்டையிலயே முடிச்சுக்குவமா?" என்றாள்.

மானாமதுரை விஷயம் என்றால், சிவஞானம் வாங்கிய மனை. அடுத்த வருஷம் மின்சார ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆகிறார். ரிட்டயர் ஆனதும் மெயின்லேண்டுக்குத் திரும்பி, அண்ணன் தம்பிகள் பக்கத்தில் வீடு கட்டி, காலையில் நாலு பேரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. போன லீவில் ஊருக்குப் போனவர் மனையை முடித்துவிட்டு, அல்வாப் பெட்டியோடு வந்து இறங்கினார். புஷ்பா அல்வாவைத் தின்றாள். மனையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்புறம் திறந்தாள். திறந்த வாய் ஒன்றரை வருஷமாக மூடவில்லை. மகள் சங்கவியைக் கடலுக்கு அந்தப் பக்கம் பேம்பூ ஃப்ளாட் என்ற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் போட் ஏறிச் சாத்தம் துறையில் வந்து இறங்கி இரண்டு பேருக்கும் சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டு, "நீங்களே அடிச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க" என்று கைகழுவிவிட்டாள்.

"எப்படி முடிக்கறது?" என்றார் சிவஞானம் மீனைப் பார்த்துக்கொண்டே.

"நீங்க கொடியப் புடுங்கிட்டீங்கன்னா நான் மூட்ட முடிச்சக் கட்டிக்கிட்டு உங்க பின்னால வரேன். வாயத் தொறக்க மாட்டேன். புடுங்கலன்னா மானாமதுரங்கற பேரே இந்த வீட்டுல வரப்படாது."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"நா என்னிக்கு வெளையாட்டுக்குச் சொன்னேன்?"

சிவஞானம் யோசித்தார். அவர் படையில் இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். அவள் படையில் அவளையும் சேர்த்து ஐந்து பெண்கள். அவ்வளவுதான் அவர் யோசனை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் மனிதர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"சரி," என்றார்.

*

போர் தொடங்கிய அரைமணி நேரத்திலேயே சிவப்புப் படை தள்ளாட ஆரம்பித்தது.

முதல் பலி ரவிச்சந்திரன். ஐஸ் பிளான்ட்டில் வேலை, நல்ல வாட்டசாட்டம், சிவஞானம் பெரிதும் நம்பியிருந்த ஆள். கிளப்பின் பின்சுவர் ஓரமாகத் தவழ்ந்து போனவன் எதிரியைக் கண்டதும் மூச்சை அடக்கிப் படுத்துக்கொண்டான். எதிரி போய்விட்டாள். ஆனால் பின்னால் ஒரு மான் வந்து அவன் கையில் இருந்த ரிப்பனை மெதுவாக மென்று இழுத்துக்கொண்டு போய்விட்டது. ரவிச்சந்திரன் பிஸ்வாஸ் சாரிடம் ஓடி முறையிட்டான். அவர் சட்டப் புத்தகத்தை எல்லாம் பார்க்கவில்லை. "ரிப்பன் கயா, ஆத்மி கயா," ரிப்பன் போனால் ஆளும் போனான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மான் எந்தக் கட்சி என்று ரவிச்சந்திரன் கேட்டதற்கு, "ஜங் மே சப் ஹோத்தா ஹை" என்று பதில் வந்தது. போரில் எல்லாம் நடக்கும்.

அடுத்த இரண்டு பேரை எதிரி கொல்லவில்லை, மெதுவடை கொன்றது. செத்தவர்கள் உட்கார வேண்டிய பேக்கரியில்தான் டீயும் வடையும் வைத்திருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களுக்குச் சண்டை முடிந்த பிறகுதான். இந்த ஏற்பாட்டைச் செய்த மகானுபாவன் யார் என்று தெரியவில்லை. வடை வாசனை சர்ச் மேடு வரை வந்தது. அதன் பிறகு இரண்டு தரப்பிலும் வீரர்கள் கொத்துக் கொத்தாக மடிய ஆரம்பித்தார்கள். நீலப்படையின் ஒச்சம்மாவும் சிவப்புப்படையின் ஹரிஹரனும் ஒரு இடிந்த வாசலில் நேருக்கு நேர் சந்தித்து, ஒருவர் ரிப்பனை ஒருவர் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே பேக்கரிக்கு நடந்து போனதைச் சிவஞானம் தன் இரண்டு கண்ணால் பார்த்தார்.

"துரோகிங்க," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சூடா இருக்கும்ல, அண்ணே," என்றார் பக்கத்தில் படுத்திருந்த முருகையா. அவர் குரலில் ஏக்கம் இருந்தது.

"நீரு செத்தீர்னா நானே கொன்னுருவேன்."

மத்தியானத்துக்குள் சிவப்பில் மிஞ்சியது சிவஞானமும் முருகையாவும்தான். நீலத்தில் மூன்று பேர். புஷ்பா சர்ச்சுக்குள் கொடிக்குப் பக்கத்தில். அங்கம்மா சர்ச்சின் முன்வாசலில். உமா மகேஸ்வரி பக்கச் சுவரின் இடிபாட்டில். ஸ்டேட் லெவலில் கபடி ஆடியவள் உமா மகேஸ்வரி. அவள் தொடையைத் தட்டிக்கொண்டு நின்ற தோரணையைப் பார்த்தே முருகையா தலையைப் புதருக்குள் இழுத்துக்கொண்டார்.

ஆனால் சிவஞானம் கலங்கவில்லை. அவரிடம் ஒரு அஸ்திரம் இருந்தது.

தீவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தமானில் மனிதர்கள் கடிகாரம் பார்த்து வாழ்வதில்லை, போட் ஹாரன் கேட்டு வாழ்கிறார்கள். கடைசி போட் போய்விட்டால் போய்விட்டதுதான். அப்புறம் கரையில் உட்கார்ந்து கொசு அடிக்க வேண்டும். அதனால் ஹாரன் சத்தம் காதில் விழுந்தால் சோற்றில் கை வைத்தவன் எழுந்துவிடுவான். பாதி முகம் சவரம் செய்தவன் மீதி நுரையோடு ஓடுவான். தாலி எடுத்துக் கொடுத்த ஐயர் மூன்றாவது முடிச்சுக்கு நிற்காமல் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, பாய்ந்த கதையை ரங்கத் என்ற ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். தமிழன், வங்காளி, தெலுங்கன், மலையாளி என்ற பேதமில்லை. காதுக்கும் காலுக்கும் நடுவில் மூளை என்று ஒன்று அப்போது வேலை செய்வதில்லை.

அவர்களை ஏற்றி வந்த போட்டின் சேராங் காத்தமுத்து. சேராங் என்றால் போட் ஓட்டுகிறவர். சிவஞானத்தின் ஊரான மானாமதுரைப் பக்கத்து ஆள். காலையில் இறங்கும்போதே அவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும், கடைசி போட்டுக்கு அடிப்பது போலவே நீளமாக ஒரு ஹாரன் அடிக்க வேண்டும்.

"மாமா, பிஸ்வாஸ் சாருக்குத் தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிரும்," என்றார் காத்தமுத்து.

"ஹாரன் சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணினேன்னு சொல்லு. எனக்கு இது வாழ்வா சாவா விஷயம்ப்பா."

"யார் கூடச் சண்டை?"

"உங்க அக்கா கூட."

காத்தமுத்துவும் கல்யாணம் ஆனவர். "அடிக்கறேன் மாமா," என்றார்.

திட்டம் இதுதான். ஹாரன் அடிக்கும். நீலப்படை மொத்தமும் சிந்தாமல் சிதறாமல் ஜெட்டிக்கு ஓடும். சிவஞானமும் முருகையாவும் ஆடாமல் அசையாமல் இருந்து, காலியான சர்ச்சுக்குள் நடந்து போய்க் கொடியைப் பிடுங்குவார்கள். அவர் முருகையாவிடம் இதை மூன்று தரம் சொன்னார். "இது பொய் ஹாரன். புரியுதா? பொய். நாம எந்திரிக்கக் கூடாது."

"சரிண்ணே, பொய்," என்றார் முருகையா.

ஹாரன் அடித்தது. காத்தமுத்து கை வஞ்சனை இல்லாமல் அடித்தார். மரங்களில் இருந்த கிளிகள் எல்லாம் கிளம்பின.

முதலில் ஓடியவர் பிஸ்வாஸ் சார். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஓடினார், மூச்சு விடும்போதெல்லாம் விசில் அடித்தது. பேக்கரியில் இருந்த பிணங்கள் வடையோடு ஓடின. அங்கம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். உமா மகேஸ்வரி அவளைத் தாண்டிப் போனாள். "சலோ சலோ! ஜல்தி!" என்று யாரோ கத்திக்கொண்டே போனார்கள். முருகையா "பொய்யுண்ணே, பொய்யுண்ணே" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

சிவஞானம்?

இறக்கத்தில் பாதி வழி வந்த பிறகுதான் அவருக்குத் தன் கால்கள் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. தான் ஏற்பாடு செய்த ஹாரன், தான் சொல்லிக் கொடுத்த நேரம், எல்லாம் தெரிந்த மனிதர், தைலம் போட்ட முழங்காலோடு படிக்கட்டில் இரண்டு இரண்டாகக் குதித்துக்கொண்டிருந்தார். ஒரு தென்னையைப் பிடித்து நின்றார். நெஞ்சு அடித்துக்கொண்டது. வெட்கமாகவும் இருந்தது. "மடையா," என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்புறம், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. போனால் போகிறது, சர்ச் காலி. கொடி தனியாக நிற்கிறது. அவர் திரும்பி மேட்டில் ஏறினார். மானாமதுரை டீக்கடை பெஞ்சு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

சர்ச்சுக்குக் கூரை இல்லை. பீடம் இருந்த இடத்தில் வெயில் விழுந்திருந்தது. கொடி அங்கேயே இருந்தது. கொடிக்குக் கீழே படியில் புஷ்பா உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

சிவஞானம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஹாரன் கேக்கலையா?" என்றார்.

"கேட்டுச்சு."

"பின்ன ஓடல?"

"நீங்க ஓடுனீங்க போலிருக்கு," என்றாள். அவருடைய மூச்சிரைப்பையும் வேர்த்த நெற்றியையும் பார்த்து அவளுக்குச் சிரிப்பு முட்டியது. "காத்தமுத்துகிட்ட நீங்க குசுகுசுன்னு பேசுனப்பவே நெனச்சேன். ஆனா அதுக்காக உக்காரல. நெஜ ஹாரனா இருந்தாலும் உக்காந்துதான் இருப்பேன்."

"போட் போயிட்டா?"

"போகாது. ஆள் வரலன்னா நிப்பான், திட்டுவான், மறுபடியும் அடிப்பான். நான் ஹாரனுக்கு ஓடி இருவது வருஷம் ஆச்சு. நீங்க கவனிச்சதே இல்ல."

அவள் சொன்னது உண்மை. சங்கவி வீட்டுக்குப் போக ஒவ்வொரு தடவையும் சாத்தம் ஜெட்டியில் அவர் முன்னால் ஓடிப் போய் ஒரு காலைப் போட்டிலும் ஒரு காலை ஜெட்டியிலும் வைத்துக்கொண்டு "வா, வா" என்று கத்துவார். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் போவது போல நடந்து வருவாள். மெதுவாக நடக்கிறவள் என்று நினைத்திருந்தார். அதற்காகத் திட்டியும் இருக்கிறார்.

"கச்சால்ல கப்பல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றாள் புஷ்பா.

ஞாபகம் இல்லாமல் இருக்குமா? நிக்கோபாரில் இருக்கும் கச்சால் தீவின் பவர்ஹவுஸில் அவர் வேலை பார்த்தபோதுதான் ரப்பர் எஸ்டேட்டில் இருந்த புஷ்பாவைக் கட்டிக்கொண்டார். சுனாமி வந்தபோது அவர்கள் குவார்ட்டர்ஸ் மேட்டில் இருந்தது, தப்பித்தது. கீழே இருந்த ஊர் இல்லை. எல்லோரையும் போர்ட் பிளேயருக்குக் கொண்டுபோகக் கப்பல் வந்தது.

"கோழிக் கூண்டத் தொறந்து விட்டுட்டு வரேன்னு சொன்னேன். ரெண்டு நிமிஷம். ஹாரன் அடிச்சிட்டான், வா வான்னு கையப் புடிச்சு இழுத்தீங்க. ஓடியாந்தேன், நீங்க இழுத்த இழுப்புக்கு. கப்பல் எப்பக் கிளம்புச்சு தெரியுமா? சாயங்காலம். அது வரைக்கும் நங்கூரம் போட்டு அங்கனேயே கெடந்துச்சு. மேல்தட்டுல நின்னு நம்ம வீட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன். உள்ள பதினோரு கோழி."

அந்தக் கோழிகள் சிவஞானத்துக்கு ஞாபகமே இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

"அதுக்கு முன்னால சிலோன்லருந்து கப்பலேத்துனாங்க. எனக்கு நாலு வயசு. அப்பா தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துட்டாரு. எந்த நாட்டுக்குப் போறோம்னு அம்மாவுக்கே தெரியாது. இப்ப நீங்க. மனைய வாங்கிட்டு அல்வாவோட வர்றீங்க." அவள் கொய்யாவின் மீதியைத் தூர எறிந்தாள். ஒரு மான் உடனே வந்துவிட்டது. "மானாமதுர நல்ல ஊராத்தான் இருக்கும். நான் இல்லன்னு சொல்லல."

முப்பது வருஷமாக ஒரே தட்டில் சோறு போட்டவளுடைய மனசில் ஒரு கூண்டு பூட்டிக் கிடந்திருக்கிறது, அவர் வருஷா வருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்து என்ன பிரயோசனம்? அவர் முழங்கைக்கு மேல் இருந்த சிவப்பு ரிப்பனின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?"

"நான் தோத்துட்டேன் புஷ்பா. நீயே ஜெயிச்சுக்க."

அவள் எழுந்து வந்து அவர் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். "கட்டுங்க அத."

"ஏன்?"

"விட்டுக் குடுப்பீங்க, நாளைக்கு முழங்கால் வலிச்சா 'உனக்காகத்தான் விட்டுக் குடுத்தேன்'னு சொல்லிக் காட்டுவீங்க. எனக்குத் தெரியாதா? அதெல்லாம் வேணாம். நல்லாக் கட்டுங்க. வாங்க. புடுங்குங்க பாக்கலாம்."

அவர் கட்டிக்கொண்டார். அவள் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுப் பீடத்தின் முன்னால் கையை விரித்து நின்றாள். அவள் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் பிள்ளைகளை மதில் ஏறாமல் மறிக்கும்போது நிற்பது போலவே நின்றாள்.

அப்புறம் நடந்ததற்குச் சாட்சி அந்த மான் மட்டும்தான். அது யாரிடமும் சொல்லப் போவதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

முதலில் சிவஞானம் சும்மா பேருக்குத்தான் ஓடினார். வலப்பக்கம் போவது போலப் போக்குக் காட்டி இடப்பக்கம் வந்தார். அவள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள், ஒரு பட்டன் தெறித்தது. அதோடு அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தூணைச் சுற்றினார். அவளும் சுற்றினாள். "வயசான காலத்துல..." என்று அவர் மூச்சிரைக்க ஆரம்பித்தார். "பேச்சு வேணாம், ஆடுங்க," என்றாள். இரண்டு தடவை அவருடைய விரல் அவளுடைய நீல ரிப்பனைத் தொட்டது. ஒரு தடவை கொடிக் கம்பையே தொட்டுவிட்டார், அவள் அவருடைய இடுப்பைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள். இருவரும் தூசியில் உருண்டார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், அவளும் சிரித்தாள், ஆனால் ஒருவரும் விட்டுக் கொடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் மானாமதுரையும் இல்லை, டீக்கடையும் இல்லை, சத்தியமாக ஜெயிக்க வேண்டும் என்ற வெறி மட்டும்தான் அவருக்கு இருந்தது. கொடி ஒரு பாய்ச்சல் தூரத்தில் இருந்தது. பாய்ந்தார்.

சுவரைப் பிளந்துகொண்டு வந்த ஆலம்வேர்களுக்கு நடுவில் ஒரு சந்து இருந்தது. அவருடைய கால் கணுக்கால் வரை அதற்குள் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. கையை நீட்டினார். கொடிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண்.

புஷ்பா அவசரப்படவில்லை. முடியை ஒதுக்கிக்கொண்டு, பேன்ட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, நடந்து வந்தாள். அவர் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவள் குனிந்து, எட்டி, சிவப்பு ரிப்பனின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக உருவினாள்.

"முடிஞ்சுது," என்றாள்.

"முடிஞ்சுது," என்று அவரும் ஒப்புக்கொண்டார். வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மனை போயிற்று, பெஞ்சு போயிற்று, காலும் வேருக்குள் இருந்தது. "கால எடுத்து விடு."

"எடுக்கலாம். மொதல்ல கேளுங்க."

"என்னத்தக் கேக்கறது? அதான் ஜெயிச்சுட்டியே. இனிமே மானாமதுரங்கற பேர எடுக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"இந்த ஒரு தடவ எடுக்கலாம். மானாமதுரைக்கு வர்றியான்னு கேளுங்க. எங்கப்பா கேக்கல. கவர்மென்ட்டு கேக்கல. கச்சால்ல நீங்களும் கேக்கல. 'வா'ம்பாங்க, இழுப்பாங்க, ஏத்துவாங்க. வர்றியான்னு எங்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல. யாராவது கேட்டு நான் பதில் சொல்லிப் பாக்கணும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. கீழே ஜெட்டியில் பிஸ்வாஸ் சார் காத்தமுத்துவை இந்தியில் கிழித்துக்கொண்டிருந்தது மேடு வரை கேட்டது. சிவஞானம் வேருக்குள் மாட்டிய காலோடு, ஒரு கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் கேட்கப் போனபோதுகூட அவளுடைய அப்பாவிடம்தான் கேட்டார் என்பது அப்போது ஞாபகம் வந்தது.

"புஷ்பா," என்றார். "எங்கூட மானாமதுரைக்கு வர்றியா?"

அவள் உடைந்த ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். ரிப்பனை விரலில் சுற்றினாள், பிரித்தாள். பிடிக்காது என்று தெரிந்த புடவையையும் முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தள்ளுகிறவளைப் போல, அவசரமே இல்லாமல் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"வரல," என்றாள்.

சொன்னதும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சிவஞானம் இதுவரை பார்த்ததில்லை. கல்யாணத்தன்றும் இல்லை, சங்கவி பிறந்தபோதும் இல்லை.

"இன்னொரு தடவ கேளுங்க."

"வர்றியா?"

"வரலங்க."

மூன்றாவது தடவை அவள் சொல்லாமலேயே அவர் கேட்டார்.